பழைய காகிதத்துக்கு ஒரு தலைவர் எதற்கு?

எங்கள் தெருவில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அமெரிக்காவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைவரை அதிபரே பதவியிலிருந்து தூக்கிவிட்டார் என்று படித்தேன். பழைய காகிதத்தைப் பூட்டி வைத்திருப்பவர்மேல் அதிபருக்கு என்ன கோபம்? டெல்லியிலும் அப்படி ஒருவர் இருக்கிறாராமே, அவர் பொதுமக்களுக்கு என்னதான் செய்ய வேண்டியவர்?" வாசலில் நின்றபடி ஏதோ இரண்டு வரி சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று எனக்கே தெரிந்ததால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் சில ஆண்டுகள் பதிவறையில், அதாவது ரெக்கார்டு ரூமில் போட்டார்கள். தண்டனை மாதிரிதான் போட்டார்கள். ஆனால் சர்வீஸில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அங்கே நடந்த ஒன்றைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய அப்பாவுக்கு 1963-இல் அரசு ஒப்படையாக, அதாவது சொந்தமாக ஒதுக்கிக் கொடுத்த இரண்டு ஏக்கர் சொச்சம் நிலம். பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருந்தார், இவருக்கு ஒப்படை ஆணையின் நகல் வேண்டும். நான் தேடினேன். கோப்பு இல்லை. கரையான் தின்றுவிட்டதோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. அழித்த கோப்புகளுக்கான பதிவேட்டில் அந்த எண் ஒழுங்காக ஏறியிருந்தது, பக்கத்தில் கையெழுத்து, தேதி. கோப்பை முடிக்கும்போது யாரோ ஒரு எழுத்தர் அட்டையில் 'ப.மு.' என்று போட்டுவிட்டிருக்கிறார். பத்தாண்டு வைத்திருந்தால் போதும் என்று அர்த்தம். நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு அது. பத்து வருடம் கழித்து விதிப்படி கட்டைப் பிரித்து, விதிப்படி பட்டியல் போட்டு, விதிப்படி அழித்துவிட்டார்கள். எவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது!

அவரை சேலத்துக்கு அனுப்பினேன். தருமபுரி மாவட்டம் பிறந்ததே 1965 அக்டோபர் 2-இல்தான். அதற்கு முந்தைய காகிதம் எதுவானாலும் வேர் சேலத்தில் இருக்கும். இப்போது கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அலைச்சல் இன்னும் ஒரு படி கூட. 2004-இல் அந்த மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்ததால், அவர்கள் தாத்தா காலத்துக் காகிதம் மூன்று ஊர்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். மாவட்டத்தைப் பிரிக்கும்போது கார், ஜீப், நாற்காலி வரை கணக்குப் பார்த்துப் பிரிப்பார்கள். பதிவறையைப் பிரிப்பதை மட்டும் கடைசி வாரத்தில் லாரியில் ஏற்றிவிடும் வேலையாக நினைப்பார்கள்.

எதை வைப்பது, எதை அழிப்பது? அந்த எழுத்தர் அரை நிமிடத்தில் முடிவு செய்ததை ஒரு தேசத்துக்கே முடிவு செய்கிற இடத்தில் இருப்பவர்தான் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநர். காப்பது என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பூட்டும் சாவியும்தான் ஞாபகம் வருகிறது. நிஜத்தில் எந்த அரசாங்கமும் தன் காகிதம் முழுவதையும் வைத்துக்கொள்ள முடியாது. பெரும்பகுதி அழிந்துதான் ஆக வேண்டும். அதனால் இந்தப் பதவியின் கனமான வேலை அழிப்பதற்குச் சம்மதம் சொல்வது, சொல்ல மறுப்பது.

நம் நாட்டுக் காப்பகத்தின் கதை சுருக்கமாக: 1891 மார்ச் 11-இல் கல்கத்தாவில் இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மென்ட் என்ற பெயரில் தொடங்கியது. தலைநகர் டெல்லிக்குப் போனதும் இதுவும் பின்னாலேயே போனது. இப்போது டெல்லி ஜன்பத் சாலையில் இருக்கும் கட்டடம் 1926-இல் முடிந்தது. விடுதலைக்குப் பிறகு இன்றைய பெயர். 34 கோடிப் பக்கங்களுக்கு மேல் இருப்பதாக அரசே சொல்கிறது. கோப்புகள், வரைபடங்கள், ஒப்பந்தங்கள், பாரசீக மொழிக் கடிதங்கள், வெள்ளைக்காரன் தடை செய்த துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

அந்தக் கடைசிச் சாமானைக் கொஞ்சம் கவனியுங்கள். தடை செய்த அரசாங்கமே, எதைத் தடை செய்தோம் என்று தெரிவதற்காக ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டது. ஊரெல்லாம் பறிமுதல் செய்து அழித்த பிரசுரத்தில் சிலவற்றுக்குப் பிழைத்த பிரதி அந்த ஒன்றுதான். பாப்பாரப்பட்டியில் 1925-இல் கண்மூடிய சுப்பிரமணிய சிவாவைப் போன்றவர்கள் காலத்தைப் பற்றி இன்று ஆராய்கிறவர்கள் போலீஸ் குறிப்புகளையும் உள்துறைக் கோப்புகளையும்தான் புரட்டுகிறார்கள். பின்தொடர்ந்து உளவு பார்த்தவன் எழுதி வைத்தது, பின்தொடரப்பட்டவரின் வரலாறாகிவிட்டது. ஆக, காப்பகத் தலைவர் தனக்குப் பிடித்ததை வைத்துக்கொள்கிறவராக இருந்தால் கதை முடிந்தது. தன் அரசாங்கத்துக்குப் பிடிக்காததையும் அவர் வைத்திருந்தாக வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1993-இல் பொது ஆவணச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 1997-இல். மத்திய அரசின் அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், மத்திய அரசு அமைக்கும் ஆணையங்கள், யூனியன் பிரதேச நிர்வாகம் எல்லாம் அதற்குள் வரும். ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும். எந்தக் கோப்பை எத்தனை ஆண்டு வைப்பது என்ற அட்டவணையைக் காப்பகத்தோடு கலந்துதான் போட வேண்டும். 25 ஆண்டு தாண்டிய கோப்புகளைக் காப்பகத்தோடு சேர்ந்து பார்த்து, வைக்க வேண்டியதை ஒப்படைக்க வேண்டும். முறையில்லாமல் அழித்தாலோ, அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனாலோ ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. 1892-க்கு முன் உருவான எந்த ஆவணத்தையும் அழிக்கவே கூடாது. ஒன்றுக்கும் உதவாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று தலைமை இயக்குநரே கருதினால் மட்டும்தான் விலக்கு. அதாவது நூறு கோடிக்கும் மேல் மக்கள் உள்ள நாட்டில் ஒரு 1880-ஆம் வருஷத்து மத்திய அரசுக் கோப்பைச் செத்துவிட்டது என்று அறிவிக்கிற அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கிறது.

ஆனால் பாருங்கள், இத்தனை அதிகாரம் காகிதத்தில் இருந்தும் நடப்பு வேறு. 2022 டிசம்பரில் அன்றைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹா ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார்: 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் காப்பகத்தில் இல்லை. பசுமைப் புரட்சியின் ஆவணங்களும் இல்லை. மொத்தம் 151 அமைச்சகங்கள், துறைகள் இருக்க, காப்பகத்துக்குக் காகிதம் வந்திருப்பது 36 அமைச்சகங்களும் துறைகளும் உட்பட 64 அமைப்புகளிலிருந்து மட்டும்தான். துறைகள் கொடுக்கவில்லை, அதனால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பசுமைப் புரட்சி என்றால் பஞ்சாப் மட்டும் இல்லை. நம் பக்கம் ராகியும் சாமையும் விளைந்த மேட்டு நிலத்தில் என்ன மாறியது, எது போனது என்று நாளைக்கு ஒரு பிள்ளை எழுத உட்கார்ந்தால், டெல்லியில் அந்த முடிவுகளை எடுத்தவர்களின் குறிப்பு அவளுக்கு வேண்டும்.

அந்தப் பேச்சை நான் குறைகூறலாகப் பார்க்கவில்லை. அது அவர் கடமை. இந்தப் பதவியில் இருப்பவரை எப்படி எடை போடுவது என்று கேட்டால், எத்தனை கண்காட்சி திறந்தார், எத்தனை பிரமுகரை வரவேற்றார் என்று பார்க்கவே மாட்டேன். எத்தனை துறைகளிடம் போய் விடாமல் கேட்டு வாங்கினார், தராதவர்களைப் பற்றி வெளியே சொன்னாரா என்றுதான் பார்ப்பேன். பதிவறையில் இருந்த எவருக்கும் இது புரியும். பிரிவு எழுத்தர் தானாகக் கோப்பைக் கொண்டுவந்து ஒப்படைத்ததாகச் சரித்திரமே கிடையாது. "அடுத்த வாரம் தருகிறேன் சார்" என்பார். அந்த அடுத்த வாரம் அவர் மாறுதலாகிப் போகும்வரை வராது. மேஜைக்கு அடியில், பீரோவின் தலையில், சில சமயம் வீட்டில் இருக்கும் கோப்பைத் துரத்தித் துரத்திதான் வாங்க வேண்டும். டெல்லியிலும் இதே கதை, அளவுதான் பெரிது.

இனி உங்கள் அமெரிக்கச் செய்திக்கு வருகிறேன். அங்கே தேசிய ஆவணக் காப்பகம் 1934-இல் வந்தது. தலைவரை அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும். கட்சி சார்பு பார்க்காமல் தகுதியை மட்டும் பார்த்து நியமிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? அவர் கையில் பழைய காகிதம் மட்டும் இல்லை. அதிபர் தேர்தலில் மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர் (மாநிலங்களின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள்) சான்றிதழ்கள் அவர் அலுவலகத்துக்குத்தான் வருகின்றன. அரசியலமைப்புத் திருத்தத்தை 50 மாநிலங்களில் 38 மாநிலங்கள் ஏற்றுவிட்டால், அது நிறைவேறியது என்று சான்றளித்து வெளியிடுவதும் அவர்தான்.

ஆண் பெண் சம உரிமைத் திருத்தம் என்று ஒன்று அங்கே பல காலமாக இழுபறியில் இருக்கிறது. 38-வது மாநிலமான வர்ஜீனியா 2020-இல் ஏற்றது. ஆனால் நாடாளுமன்றம் வைத்த கெடு 1982-இலேயே முடிந்துவிட்டது. 2024 டிசம்பரில், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணான காலின் ஷோகன், சட்டப்படி இதற்குச் சான்றளிக்க முடியாது என்று அறிக்கை விட்டார். அடுத்த மாதம் அதிபர் பைடன் இது அரசியலமைப்பின் 28-ஆவது திருத்தமாகிவிட்டது என்று கருதுவதாக அறிவித்தார். அப்போதும் அந்த அம்மா அசையவில்லை. பிறகு ஆட்சி மாறியது. 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். காப்பகத்தோடு டிரம்புக்கு முன்பே மனக்கசப்பு உண்டு. முதல் முறை பதவி முடிந்து போனபோது அவர் வீட்டுக்குப் போயிருந்த ஆவணங்களில் 15 பெட்டிகளை 2022 ஜனவரியில் காப்பகம் திரும்ப வாங்கியது, அப்புறம் அது வழக்கு வரை போனது. அப்போது ஷோகன் அந்தப் பதவியில்கூட இல்லை. அதிபர் நிக்சனின் வாட்டர்கேட் விவகாரத்துக்குப் பிறகு 1978-இல் வந்த சட்டப்படி அதிபர் எழுதும் அலுவல் காகிதம் நாட்டுக்குச் சொந்தம், அவருக்குச் சொந்தமில்லை.

இப்போது புரிகிறதா தம்பி, ஏன் கோபம் என்று? ஒரு கட்சி அதிபர் சொன்னதற்கும் முடியாது என்று நின்றவர், இன்னொரு கட்சி அதிபர் கையால் போனார். இரண்டு பக்கமும் மனம் கோணும்படி நடந்துகொள்ள வேண்டிய வேலை இது.

தடுமாறிய கதையும் அங்கேயே இருக்கிறது. 2020-இல் அந்தக் காப்பகம் தன் கண்காட்சி ஒன்றில் 2017 பெண்கள் பேரணியின் பெரிய படத்தை வைத்தது. அதில் டிரம்பைக் கண்டித்த பதாகைகளின் எழுத்தை மங்கலாக்கிவிட்டார்கள். அரசியல் சர்ச்சை வேண்டாம் என்று நினைத்தார்களாம். பத்திரிகையில் வந்ததும் தவறு என்று மன்னிப்புக் கேட்டு, படத்தை எடுத்தார்கள். யாரும் மேலிருந்து மிரட்டவில்லை என்பதுதான் அதில் எனக்கு உறுத்துகிறது. பயத்தில் தானாகவே அடித்துத் திருத்துகிற பழக்கம் எந்த அலுவலகத்துக்கும் வரும்.

பிரிட்டனில் வேறு மாதிரி. கரீபியன் தீவுகளிலிருந்து பிள்ளையாக வந்து குடியேறியவர்கள் பலருக்கு, எப்போது வந்தார்கள் என்று காட்ட இறங்கும்போது எழுதிய சிறு அட்டைகள் ஆதாரமாக இருந்திருக்கும். உள்துறை அவற்றை 2010-இல் அழித்தது. பிறகு ஆதாரம் காட்டச் சொன்னபோது ஐம்பது வருடம் அங்கேயே உழைத்தவர்கள் வேலையையும் சிகிச்சையையும் இழந்தார்கள். சிலரை நாடு கடத்தவே செய்தார்கள். 2018-இல் அது பெரிய விவகாரமாக வெடித்தது. படித்தபோது எனக்குப் பாலக்கோட்டுக்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது. அட்டையை அழித்தவருக்கு அது வெறும் அட்டை.

மக்கள் பார்ப்பதற்கான வழி என்ன என்றும் கேட்பீர்கள். ரகசியம் என்று முத்திரையில்லாத, 25 ஆண்டு கடந்த ஆவணங்களை ஆய்வாளர்கள் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன்படி 20 ஆண்டு பழைய விவரத்தை, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் தவிர வேறு சாக்குச் சொல்லி மறுக்க முடியாது. அதே சட்டம் ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு வரிசைப்படுத்தி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பட்டியல் இல்லாத காப்பகம் பூட்டிய காப்பகத்துக்குச் சமம். 2015-இல் தொடங்கிய அபிலேக் படல் என்ற தேசியக் காப்பகத்தின் இணையவாசலில் வீட்டிலிருந்தே தேடலாம். நானே பென்னாகரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடியிருக்கிறேன். தேடுவதற்கான விவரக்குறிப்பு ஆங்கிலத்தில்தான், எழுத்துக்கூட்டு வெள்ளைக்காரன் போட்டதுதான். தருமபுரியைத் தேடினால் பழைய எழுத்துக்கூட்டு நாலைந்தையும் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று கவனிக்க வேண்டும். நம் நிலக் காகிதம் டெல்லிக்குப் போகாது. அது மாநிலத்தின் வேலை. சென்னை எழும்பூரில் 1909-இல் அமைந்த காப்பகம்தான் இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இனாம் நில (அந்தக் காலத்தில் மானியமாகக் கொடுத்த நிலம்) தகராறு உள்ளவர்கள் பழைய இனாம் பதிவேட்டின் நகலுக்கு அங்கேதான் போவார்கள். எங்கள் மண்ணின் கதையும் அங்கே கிடக்கிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் என்ற எங்கள் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக வந்தார். கூட வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஊர் ஊராக அளந்து, யார் எவ்வளவு உழுகிறார், எவ்வளவு கட்டுவார் என்று எழுதினார்கள். உழுகிறவரிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே முளைத்ததுதான். அந்தக் காகிதங்களை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு அச்சகம் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று பகுதி பகுதியாக அச்சிட்டது. நூறு வருடத்துக்கு மேல் யாரோ ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிப் போடாமல் இருந்ததால்தான் அது அச்சுக்குப் போனது.

நம் ஊர் நடுகற்களைக் காட்டி, இதுவும் ஆவணம்தானே என்று நண்பர் ஒருவர் வாதாடுவார். வாஸ்தவம். அரசன் பெயர், ஆட்சியாண்டு, மாடு மீட்டுச் செத்தவன் பெயர் எல்லாம் இருக்கும். தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள், கல்லுக்குக் கரையான் பயமும் இல்லை. ஆனால் கல்லில் ஊர் நினைவில் வைக்க விரும்பியதுதான் ஏறும். வரி கட்டாதவன் யார், யாருடைய மாட்டை ஜப்தி செய்தார்கள், யார் மனு போட்டு ஓய்ந்தார்கள் என்பதெல்லாம் காகிதத்தில்தான் கிடக்கும். அதை எவரும் கல்லில் வெட்டமாட்டார்கள்.

இப்போதைய தலைவலி காகிதமே இல்லாதது. கோப்பு கணினியில் ஓடுகிறது, ஆணை வாட்ஸ்அப்பில் பறக்கிறது. ஓர் அதிகாரி மாறும்போது போனையும் எடுத்துக்கொண்டு போகிறார். பத்து வருடத்துக்கு முந்தைய மென்பொருளில் அடித்ததை இன்றைக்குத் திறக்க முடியவில்லை. 1793-இல் மை தொட்டு எழுதியதைப் படிக்கிறோம், 2003-இல் ஃபிளாப்பியில் போட்டதைப் படிக்க முடியவில்லை. இதற்கு என்ன விதி, எந்த வடிவில் வாங்குவது என்று சொல்ல வேண்டியவரும் காப்பகத் தலைவர்தான். 25 ஆண்டு கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது.

கடைசியாக, வெளியே அதிகம் தெரியாத ஒரு கடமை: காகிதத்தை எப்படிப் பேணுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. தேசியக் காப்பகம் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. நைந்த தாளுக்கு இருபுறமும் அசிடேட் படலமும் மெல்லிய திசுத்தாளும் வைத்து, பஞ்சில் அசிட்டோன் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி ஒட்டுகிற ஒரு கைமுறை உண்டு, அங்கேயே உருவாக்கியது. சூடும் இல்லை, மெஷினும் இல்லை. தேவைப்பட்டால் அதே அசிட்டோனில் திரும்பப் பிரிக்கவும் முடியும்.

பாலக்கோட்டுக்காரர் சேலத்தில் ஒப்படைப் பதிவேட்டின் நகலை வாங்கிவிட்டார். காட்டுவதற்கென்றே திரும்ப வந்தார். கூடவே அவர் அப்பாவின் பழைய பட்டாவையும் எடுத்து நீட்டினார். இனிமேல் இது கெடாது சார் என்றார், பெருமையாக. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கொடுத்துச் சூடு வைத்து லேமினேஷன் போட்டிருந்தார். மை ஓரமாகப் பழுப்பேறி, உள்ளே காற்றுக் குமிழி நின்றது. அதைப் பிரிக்க வழி கிடையாது. தம்பி, உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கிரையப் பத்திரம் இருந்தால், மடிக்காமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். அந்தக் கடைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.